ரெக்கார்டர் அணைந்த பிறகு

ஆய்வு மாணவர்களுக்கு வாய்மொழி வரலாறு சொல்லிக்கொடுக்கப் பட்டறை என்று ஒன்று நடத்துவார்கள். காரைக்காலில் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் என்னையும் கூப்பிடுவார்கள். நானும் போய் உட்கார்ந்திருப்பேன். எந்தப் பட்டறையானாலும் யாராவது ஒரு பெரிய மனிதர் எழுந்து, குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோல் சொல்வார்: ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் உண்மையான பேட்டி ஆரம்பிக்கிறது, நீங்கள் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வார்கள் பாருங்கள், அதுதான் தங்கம், அதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள். மாணவர்கள் குனிந்து குறித்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தங்கத்தை என் அக்கா வீட்டிலும் தோண்டி எடுத்துப் போனார்கள்.

அக்கா வாழ்க்கைப்பட்டது கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அத்தான் விவசாயி. நிலம் கடைமடையில் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்து சேர்ந்தால் சாகுபடி, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஊர் வாய்க்காலில் யாருக்கு எப்போது மடை திறப்பது என்பதை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மனுஷன் அதிகம் பேசமாட்டார். அக்காவைத் திட்டியதுமில்லை, உட்காரவைத்து நாலு வார்த்தை பேசியதுமில்லை. பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, சண்டையில்லாமல், சத்தமில்லாமல்.

தங்கம் தோண்ட அங்கே வந்த பெண் ஏதோ பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. கடைமடைப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஆராய்ச்சி. ஊர் மகளிர் குழு வழியாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். நாலைந்து தடவை வந்துபோன பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். அக்கா போனில் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நான் சொல்றத எல்லாம் கேக்குதுடி. பாதியில எந்திரிச்சுப் போவல. 'அப்புறம் என்னாச்சும்மா'ன்னு கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன், அடுப்பில் என்ன குழம்பு என்பதைத் தாண்டி என்னிடம் ஒன்றும் சொன்னவளில்லை அவள். வந்தவள் காதைக் கொடுத்தாள், அக்கா வாயைத் திறந்துவிட்டாள். அதில் அக்காவைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கடைசி நாள் வேலை முடிந்ததும் அந்தப் பெண் ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து புழங்கிய ஒரு பெண் ஊருக்குக் கிளம்புகிறாள் என்றால் வெறுங்கையோடு அனுப்பமாட்டோம். மணைபோட்டு உட்காரவைத்து, குங்குமம் கொடுத்து, தலையில் பூவைத்து, வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்போம். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். அக்காவும் அப்படித்தான் செய்தாள். பின்னால் நின்று பூவைச் செருகிக்கொண்டே, முகம் பார்க்காமல், பெற்ற மகளிடம் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள்.

"நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்கம்மா. இவங்களோட இருக்கறது எனக்கு ஒரு நாளும் சந்தோஷமா இருந்ததில்ல. இருந்துட்டேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண் அக்கா காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸிலேயே எழுதிவைத்துக்கொண்டாளாம், ஒரு வார்த்தை மறந்துவிடக் கூடாதே என்று. இதைப் புத்தகத்தின் முன்னுரையில் பெருமையாகப் போட்டிருக்கிறாள்.

ஆமாம், பட்டம் வாங்கியதோடு விடவில்லை, தமிழில் புத்தகமாகவும் போட்டாள். கதை கொடுத்தவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஆராய்ச்சி உலகத்தில் ஓர் அறம். அதனால் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்றும் ஸ்வீட் பாக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா வயலுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அத்தான். அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். தான் கொடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தெரியாமலிருந்தால் மடத்தனம், தெரிந்து கொடுத்திருந்தால் கொழுப்பு. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டைப் பற்றியும் புத்தகம் வந்ததில்லை. அத்தான் படித்துப் பார்க்கும்வரை பொறுக்கவில்லை. அப்படியே டீக்கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

"நம்ம வூட்ட வச்சு எழுதுன புஸ்தகம். இத்தன நாளு நம்ம வூட்டுக்கு வந்து போச்சே, அந்தப் பொண்ணு எழுதுனது."

கண்ணாடி கொண்டுபோகவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவரும் புரட்டிப் பார்த்து, இடது காலைச் சற்று இழுத்து நடக்கிற, வாய்க்கால் மடையைக் கவனிக்கிற கணவர் என்று வந்த இடத்தில், இதோ நீதான் என்று சிரித்துக்கொண்டே உரக்கப் படித்திருக்கிறார். அக்காவின் பெயரை மட்டும் மாற்றிவிட்டாளே மகராசி. ஊரில் காலை இழுத்து நடந்து மடை திறக்கிற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடுத்த வரி அக்கா சொன்னது. அதுவும் அக்கா சொன்னபடி இல்லை. "அவனோடு வாழ்ந்த நாட்களில் ஒன்றுகூட என் நாளாக இருந்ததில்லை" என்று இருந்தது. என் அக்கா இப்படி ஒரு வாக்கியத்தை ஏழு ஜென்மத்திலும் பேசமாட்டாள். படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அத்தான் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

வீட்டில் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அக்கா சொன்னாள். புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். போட்டதைச் சாப்பிடுகிறார், போகிறார், வருகிறார். முன்னாலும் பேசாத மனுஷன்தானே என்று கேட்பீர்கள். அது வேறு பேசாமை, இது வேறு என்று அந்த வீட்டு வாசல்படி மிதித்தாலே தெரியும்.

அக்கா போனில் அழுதாள்.

"நான் பொய் சொல்லலடி. அன்னைக்கு மனசு அப்படி இருந்துச்சு, சொன்னேன். மறுநாள் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன். நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவங்க வராந்தாவுலயே துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தாங்களே, அதையும் ரெக்கார்டுல சொன்னேன்டி. அது இருக்கா பாரு."

பார்த்தேன். கடையில் ஒரு பிரதி வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். அது இல்லை. பல நாள் பேச்சில் அக்கா அவரைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுகூட அவளுக்குத் தங்கமாகத் தெரியவில்லை. பூவைக்கும்போது சொன்னதுதான் தங்கம். நம்பரைத் தேடிப்பிடித்து அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"பேரை மாத்திட்டேனே மேடம்," என்றாள். "ஒப்புதல் படிவத்துல அம்மா கையெழுத்தும் போட்டிருக்காங்க."

"கையெழுத்து ரெக்கார்டர்ல சொன்னதுக்குத்தான போட்டா? பூ வச்சுவிடும்போது உன்ன மகளா நெனச்சு சொன்னதுக்கா போட்டா?"

"அது களக்குறிப்பு மேடம். புத்தகத்துக்கே அந்த இடம்தான் உயிர்னு எல்லாரும் சொல்றாங்க."

அவளே தொடர்ந்தாள். அக்கறையோடுதான் பேசினாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

"வேணும்னா அங்கிளையும் ஒரு பேட்டி எடுக்கறேன் மேடம். அடுத்த பதிப்புல அவர் பக்கத்தையும் போட்டா பேலன்ஸா இருக்கும்."

நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வாயில் வண்டி வண்டியாக வசவு வந்தது, கேட்க ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறினேன். அத்தான் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உள்ள போ, அக்கா இருக்கு," என்றார்.

நான் உள்ளே போகவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, வகுப்பில் பேசுவதுபோல் பேசித் தீர்த்தேன். ஒரு நாள் சொன்னது வாழ்நாள் முழுவதற்கும் ஆகாது, அவள் சொன்னதில் பாதியைத்தான் போட்டிருக்கிறார்கள், அதையும் வேறு ஆள் வார்த்தையில் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். அவர் காம்பைத் தட்டி இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உங்க அக்கா மேல எனக்குக் கோவம் இல்லம்மா," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இது சொல்லிச்சு. நான் கேட்டதில்ல. இத்தன வருஷத்துல ஒரு நாளு, நீ சந்தோஷமா இருக்கியான்னு கேட்டதில்ல. அது என் தப்புதான்."

அக்கா கதவோரம் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இப்பக் கேளுங்களேன்," என்றாள். "நான் சொல்றேன்."

அத்தான் கையை நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். புத்தகம் வந்த பிறகு அவர் அவளை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னாள். கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"கேக்கலாம்," என்றார். "நல்லாத்தான் இருந்தேன்னு சொல்லுவ. நான் எப்படி நம்பறது?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்தபடி வாய்க்கால் பக்கம் நடந்தார்.