ஆந்தைப் பெட்டி வளைவு

காளிதாசனுக்கு வயது அறுபத்திரண்டு. அதில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட வேனிலேயே ஓடிவிட்டது. சிடாம் கிரி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே டிராக்டர் ஓட்டி, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கைக்கு வந்ததை வைத்து ஒரு பழைய வேனை வாங்கியவர். தோட்டத்துச் சனமெல்லாம் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப் போக, தமிழ்ப்பள்ளி மட்டும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம். இந்த வேன் ஒரு வாரம் படுத்தால் பள்ளியும் சேர்ந்து படுத்துவிடும் என்று தலைமையாசிரியரே மேடையில் சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். பொன்னாடை பீரோவில் கிடக்கிறது. முதுகுவலி கூடவே வருகிறது.

காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் இறங்க முடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத் திரும்புகையில் ஒரு கணம் கண்ணசந்து, முன் சக்கரத்தைச் சாலையோரச் சாக்கடையில் இறக்கிவிட்டார். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. தூக்கம் தன்னை எங்கேயாவது வழியில் பிடித்துவிடும் என்ற பயம் அன்றிலிருந்து அவரோடு உட்கார்ந்து வருகிறது.

பிள்ளைகளைப் பற்றி வேன்காரருக்குத் தெரிவது வாத்தியார்களுக்குத் தெரியாது. வகுப்பில் கையைக் கட்டி உட்காருகிற பிள்ளை வேனில் ஏறினால் வாயை மூடாது. ஓட்டுகிறவரை ஓர் ஆளாகவே அதுகள் மதிப்பதில்லை. புவனேசன் என்ற ஐந்தாம் ஆண்டுப் பையன், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளின் சத்தத்தை வைத்தே அது எந்த வண்டி, எத்தனை சிசி என்று சொல்லிவிடுவான். கணக்குப் பரீட்சையில் மட்டும் அவனுக்கு எண்கள் பிடிபடாது.

எவலின் மூன்றாம் ஆண்டு. திகாம் பத்து அடுக்குமாடியில் முதல் ஆளாக ஏறி, கடைசி ஆளாக இறங்குகிறவள். அப்பா கோலா கெடாவிலிருந்து மீன் லாரி ஓட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு. இரண்டு பேரும் வீட்டில் ஒன்றாக விழித்திருக்கிற நேரம் அபூர்வம். பள்ளியில் எவலின் பேசவே மாட்டாள். புத்தகத்தை நீட்டினால் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆனால் வேனின் முன் சீட்டு அவளுடையது.

தோட்டச் சாலையின் மூன்றாவது வளைவில் ஒரு கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. செம்பனைக் குலைகளைக் கடிக்கிற எலிகளைப் பிடிப்பதற்காக, ஆந்தை குடியிருக்கத் மிச்சத் தோட்டத்தை நடத்துகிற நிர்வாகம் கட்டிவைத்தது. ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று காதைப் பொத்திக்கொள்கிற சனத்தில் பிறந்தவர் காளிதாசன். வருஷக்கணக்காக அந்த வளைவில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே ஓட்டியவர்.

"அங்கிள், மெதுவா போங்க," என்றாள் எவலின் ஒரு நாள். "அது மூஞ்சியப் பாருங்க. ஆப்பிள நெடுக்கால வெட்டி வச்ச மாதிரி இருக்கு."

அரை வெளிச்சத்தில் அவர் அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாக ஆந்தையை நேராகப் பார்த்தார். வெள்ளை முகம். அப்படியொன்றும் எமன் மாதிரி இல்லை.

அன்றிலிருந்து அந்த வளைவில் பத்து விநாடி வண்டி தவழும். மற்ற பிள்ளைகள் தூங்கி வழிகிற நேரம் என்பதால் யாருக்கும் தெரியாது. பிறகு பள்ளி வரும்வரை அவள் பேசிக்கொண்டே வருவாள். மத்தியானம், மற்றவர்களை எல்லாம் இறக்கிய பிறகு திகாம் பத்து வரைக்கும் திரும்பவும் பேச்சுதான்.

"அது எலிய முழுசா முழுங்கிரும் அங்கிள். அப்புறம் எலும்பு, முடி எல்லாத்தையும் உருண்டையா கக்கிரும். அன்னைக்கு நீங்க பொறுக்கிக் குடுத்தீங்கல்ல, அதப் பிரிச்சுப் பார்த்தேன். மூனு மண்டை இருந்துச்சு."

"அத எங்கம்மா வச்சிருக்க?"

"பிஸ்கட் டின்ல. கட்டிலுக்கு அடியில. அம்மாவுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா தோல உரிச்சிருவாங்க லா."

"அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

இந்தப் பேச்சுதான் காளிதாசனின் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. கடையில் வாங்கிக் குடித்த கட்டிக் காப்பியால் ஆகாத காரியம் அது.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எதில் ஆர்வம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதை வைத்தே அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேண்டும், அதைக் கட்டம் போட்ட பாரத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூன்றாம் ஆண்டு ஆசிரியை பிரேமாவதி, பாரங்களோடு கேண்டீனில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். வகுப்புப் போக நூலகம், விளையாட்டு, புத்தக விநியோகம் என்று எல்லாம் அவர் தலையில்தான்.

"பசியாறியாச்சா டீச்சர்?" என்றபடி காளிதாசன் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்கண்ணே பசியாற. இந்த எவலின் வாயே தொறக்க மாட்டேங்குது. ஆர்வம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன போடுறதுன்னு தெரியல. போன வருஷம் எல்லாருக்கும் மெம்பாச்சான்னு போட்டு அனுப்பிட்டோம். யாரும் கேள்வி கேக்கல."

மெம்பாச்சா என்றால் வாசிப்பு. காளிதாசன் சிரித்துவிட்டார். "வாசிக்கவே வராத பிள்ளைக்கு வாசிப்புல ஆர்வமா டீச்சர்? நல்லா இருக்கு."

பிரேமாவதி சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் கடைசி வாசிப்புச் சோதனைண்ணே. இதுலயும் தவறிட்டா சுங்கை பட்டாணியில சிறப்பு வகுப்புக்கு மாத்திருவாங்க. அது ஊமைப் பிள்ள இல்ல, மக்கும் இல்ல. எனக்குத் தெரியுது. ஆனா எதப் புடிச்சு இழுக்கிறதுன்னுதான் தெரியல."

அந்த அம்மாளின் குரலில் இருந்த நிஜம்தான் காளிதாசனைச் சாய்த்தது. அதோடு, எவலின் வேறு பள்ளிக்குப் போனால் முன் சீட்டு காலியாகிவிடும் என்ற சுயநலமும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

"ஆந்தை டீச்சர்," என்றார். "அந்தப் பிள்ளைக்கு ஆந்தைன்னா உசுரு." பிஸ்கட் டின் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் வாயை மூடினார்.

அதற்கப்புறம் பள்ளியில் ஆந்தைக் காலம் ஆரம்பமானது. ஆந்தை பற்றி நாலு வரிக் கதை, பிறகு எட்டு வரிக் கதை. ஓர் ஆந்தை ஒரு நாளைக்கு மூன்று எலி தின்றால் ஒரு வாரத்துக்கு எத்தனை எலி என்று கணக்கு. ஆந்தைக்கு வண்ணம் தீட்டு, ஆந்தையின் உறுப்புகளுக்குப் பெயர் எழுது. பிரேமாவதி தன் கைக்காசில் அட்டை வாங்கி, ஆந்தை முகமூடி வெட்டி, எவலினைச் சபைகூடலில் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நிற்கவைத்து "நான் ஓர் ஆந்தை" என்று பேசவைத்து வீடியோ எடுத்தார். எல்லாம் நல்ல மனதோடுதான். ஆந்தையைக் கண்டால் காறித் துப்புகிற ஊரில் ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்த முகமூடியை மாட்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. காளிதாசனுக்கும் தோன்றவில்லை.

மறுநாளே வேனில் அவளுக்கு ஆந்தை என்று பெயர் விழுந்தது. "அபசகுனம் ஏறுது, தள்ளி உக்காருங்க," என்றான் ஒருத்தன். டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை அம்மா பார்த்தார். வீட்டைத் துழாவியதில், கட்டிலுக்கு அடியிலிருந்த டின்னும் அகப்பட்டுக் குப்பைக்குப் போனது.

ஒரு மத்தியானம், மற்றவர்கள் இறங்கிய பிறகு, எவலின் கேட்டாள்.

"டீச்சர்கிட்ட நீங்கதான் சொன்னீங்களா அங்கிள்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் காளிதாசனுக்கு அதற்கும் தெம்பில்லை. "ஆமாம்மா. உன் நல்லதுக்குன்னுதான்…"

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. மறுநாள் காலை கதவைத் திறந்து, முன் சீட்டைத் தாண்டி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வளைவில் அவர் கால் பழக்கத்தில் பிரேக்கை அழுத்தியது. "ஏன் அங்கிள் ஸ்லோ பண்றீங்க, லேட்டாயிரும் லா," என்று அன்று விழித்திருந்த புவனேசன் கத்தினான். பெட்டியின் வாசலில் அந்த வெள்ளை முகம் இருந்தது. உள்கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எவலின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனையில் அவள் தேறிவிட்டாள். தடுமாறித் தடுமாறித்தான், ஆனாலும் தேறிவிட்டாள். பிரேமாவதி ஓடிவந்து ஒரு பை நிறையப் பலகாரம் கொடுத்தார். "உங்களாலதாண்ணே," என்றார், கண் கலங்கி. காளிதாசன் வேனிலேயே உட்கார்ந்து ஓர் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர் செய்தது தப்பென்று சொல்ல முடியாது, பிள்ளை வாசிக்கிறாள். சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை. யோசித்துத் தீர்க்கிற அளவுக்கு அவரிடம் தெம்பு மிச்சம் இல்லை. அன்று திகாம் பத்துச் சாலையில், பின்னால் அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் இருக்க, அவர் இரண்டு தரம் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டு ஓட்டினார்.

இப்படியே வருஷம் முடிந்தது. ஜனவரியில் புது வருஷப் பள்ளி திறந்த மூன்றாம் வாரம், எவலின் ஒன்றும் சொல்லாமல் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள், திகாம் பத்தைத் தாண்டினதும் வருகிற சின்னப் பாலத்தில்,

"அங்கிள், இங்க கொஞ்சம் மெதுவா போறீங்களா?" என்றாள்.

காளிதாசன் காலைத் தூக்கினார். வண்டி தவழ்ந்தது. அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, கீழே ஓடுகிற தண்ணீரில் எதையோ தேடினாள். அவர் சாலையை மட்டும் பார்த்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரம் கழித்து அவளே கேட்டாள். "என்னா பார்க்கிறேன்னு நீங்க கேக்கவே இல்ல."

"கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்," என்றார். "தெரிஞ்சா நான் சொன்னாலும் சொல்லிருவேன். எனக்கு வாய் சரியில்லம்மா."

அவள் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுத்தாள். பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் அம்மா தூங்கிப்போய் வேறு இடத்தில் இறங்கின கதை. காளிதாசனுக்கு அன்று பள்ளி வரைக்கும் கொட்டாவி வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் பிரேமாவதி வேன் ஜன்னலுக்கு வந்தார். இந்த வருஷம் அவருக்கு நாலாம் ஆண்டு, அதே பிள்ளைகள். கையில் அதே பாரம்.

"அண்ணே, ஆந்தைய இப்ப எவலின் திரும்பியே பார்க்க மாட்டேங்குது. புதுசா எதாச்சும் புடிச்சிருக்கா? வேன்ல எதாச்சும் பேசுச்சா?"

காளிதாசன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பாலம் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மாளின் களைத்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"மெம்பாச்சான்னு போட்டுக்குங்க டீச்சர்," என்றார். "இப்பதான் நல்லா வாசிக்குதே."

பிரேமாவதி ஜன்னல் விளிம்பில் பாரத்தை வைத்து, அப்படியே எழுதிக்கொண்டு போனார்.