முருகனின் மாமியாரும் அத்தானின் துவக்கும்

அத்தான் துவக்குப் பிடிக்க, அதாவது துப்பாக்கி சுட, படித்துவிட்டு வந்த அன்று, அக்கா வீட்டில் முதலில் அவர் கையில் அகப்பட்டது வக்கியூம் கிளீனரின் குழாய்.

"தம்பி, வாய்ப்பக்கம் ஒருநாளும் ஆக்களைப் பாத்து இருக்கக் கூடாது," என்று சொல்லி, ஸ்காபரோ வீட்டின் வரவேற்பறை நடுவில் நின்று, அந்தக் குழாயை நிலத்தை நோக்கிச் சரித்துப் பிடித்தார். "முதல் வேலை, உள்ளுக்கு வெறுமையோ எண்டு பாக்கிறது. வெறுமை எண்டு தெரிஞ்சாலும் பாக்கிறது. மற்றவன் பாத்திட்டுத் தந்தாலும் பாக்கிறது. இந்தாரும், நீரும் பாரும்."

பார்த்தேன். வெறுமை இல்லை. தூசியும் தலைமயிரும் சுற்றிய ஓர் உருண்டைக்குள் அக்காவின் தொலைந்த தோட்டுச் சுரை மினுங்கியது. மாதக்கணக்காக அவள் வோஷிங் மெஷினைச் சந்தேகித்துக் கொண்டிருந்தாள்.

"உந்த வகுப்பால இந்த வீட்டுக்கு வந்த லாபம் இது ஒண்டுதான்," என்றாள் அக்கா, சுரையைக் காதில் பூட்டியபடி. "இதோட நிப்பாட்டுங்கோ."

அத்தானால் நிப்பாட்ட முடியாது. அதற்குக் காரணம் மான் வேட்டை ஆசை அல்ல. இந்த மனிதர் எலிப்பொறியில் அகப்பட்ட எலியைக் காரில் ஏற்றி, ரூஜ் பள்ளத்தாக்குவரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, அது பற்றைக்குள் போய்ச் சேரும்வரை ஹெட்லைட் அடித்துக்கொண்டு நின்றவர். சிலந்தியைக் கப்பில் ஏந்தி வெளியே விடுபவர். அவருக்கு வேண்டியிருந்தது ஓர் அழைப்பு.

பிறம்ரனில் ஒரு பெரிய பண்டகசாலையில் அவருக்கு வேலை. நானூற்றொன்று நெடுஞ்சாலையின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை தினமும் கார் வெளிச்சங்களுக்குள்ளால் போய் வருகிறார். வேலையிடத்தில் எல்லோரும் நல்லவர்கள். காலை வணக்கம் உண்டு, காலநிலை உண்டு, யாருக்கோ பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு கேக் உண்டு. அதற்கப்பால் ஒரு கண்ணாடிச் சுவர். மதியத்தில் மற்றவர்கள் மேசையைச் சுற்றியிருந்து சிரிக்கும்போது, அத்தான் தன் சோற்றுப் பெட்டியோடு காருக்குள் போய் இருந்து சாப்பிடுவார். கேட்டால், பாட்டுக் கேட்கலாம் என்பார்.

அப்படியிருந்தவரிடம், ஃபோர்க்லிஃப்ற் ஓட்டும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், வண்டியை நிறுத்தி, கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டாராம்: நவம்பரில் நானும் என் மருமகனும் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறோம், நீயும் வாறியா? பெரியவர் கேள்வியை முடிக்க முதல் அத்தான் ஓம் சொல்லிவிட்டார். எதற்கு ஓம் சொன்னேன் என்று யோசிக்கத் தொடங்கியது காருக்குள் வந்து இருந்த பிறகுதான்.

வார இறுதி வகுப்புக்குப் போனார். பாஸ் பண்ணினார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: துவக்கு அனுமதிக்கு விண்ணப்பிப்பவரின் மனைவியும் கையெழுத்து வைக்கும்படி இந்த நாட்டு அரசாங்கம் கேட்கிறது. அரசாங்கம் அக்காவை அறிந்தே அந்த இடத்தை ஒதுக்கி வைத்ததோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கிறதோ?" என்றாள்.

"இஞ்சேரும், உது அந்தத் துவக்கு இல்லை. இது வேட்டைத் துவக்கு."

"என்ன வித்தியாசம்?"

அந்தக் கேள்வி சூட்கேசோடு வந்த விருந்தாளி மாதிரி அந்த வீட்டில் தங்கிவிட்டது. காலையில் தேத்தண்ணியோடு எழும்பியது. இரவில் தொலைக்காட்சிச் செய்தியில் யாராவது செமி ஓட்டோமற்றிக் துவக்குத் தடையைப் பற்றிப் பேசினால் நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள், நடுவராக.

"நீதானே கவிதை எழுதிறனி," என்றாள் அக்கா. "ஒண்டுக்கும் இன்னொண்டுக்கும் வித்தியாசம் சொல்லுறதுதானே உன்ர தொழில்."

என்னுடைய தொழில் நேர்மாறு. ஒன்றை இன்னொன்று என்று சொல்லித்தான் நான் இத்தனை காலமும் பிழைத்தேன். நிலவைத் தோசை என்று சொன்னவன் நான். ஆனால் குசினியில் முதல் தட்டு இடியப்பம் அவிந்து, மிச்ச மா குழைத்திருந்தது. நடுவராகவே உட்கார்ந்தேன்.

அத்தான் இடியப்ப உரலைக் கையில் எடுத்தார். முதலில் உள்ளே வெறுமையோ என்று பார்த்தார்.

"இப்ப பாரும். மாவை வைக்கிறன். பிழியிறன். முடிஞ்சுது. திரும்பப் பிழிய வேணும் எண்டால், திறக்க வேணும், வழிக்க வேணும், புது மா வைக்க வேணும், மூட வேணும். பழைய வேட்டைத் துவக்கு இதுதான். போல்ற் எண்டு ஒரு கம்பி இருக்கும். அதைக் கையால இழுத்தால் சுட்ட தோட்டாவின்ர வெறுங்கோது வெளியில விழும், தள்ளினால் புதுசு ஏறும். ஒவ்வொரு சூட்டுக்கும் கை வேலை செய்ய வேணும்."

"மற்றது?"

"செமி எண்டால், சுட்ட வெடியின்ர விசையே கோதைத் தட்டிப்போட்டு அடுத்ததை ஏத்தி வைக்கும். கை வேலை இல்லை. ஆனா விரலால ஒருக்கா அமத்தினால் ஒண்டுதான் வரும்."

"அமத்தினபடி பிடிச்சால்?"

"அப்பவும் ஒண்டுதான். விட்டிட்டுத் திருப்பி அமத்த வேணும். விடாமல் பொழியிறது முழு ஓட்டோமற்றிக். அது இஞ்ச சாதாரண சனத்துக்குக் கிடையாது."

அக்கா உரலுக்குக் கீழே தட்டைப் பார்த்தாள். "ஒரு பிழியலுக்கு இவ்வளவு நூல் விழுதே. உது எங்கயப்பா ஒண்டு? உது சிதறுற சொட்கண் எல்லோ?"

நடுவர் என்ற முறையில் அது நல்ல கேள்வி என்று பதிந்துகொண்டேன். அத்தான் உரலைக் கவிழ்த்துப் பார்த்தார். வகுப்பில் இதை ஒருவரும் கேட்கவில்லை போலும்.

அந்த நேரம் வெளியே கேட்டது. டக். டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக், டக்.

மூன்று பேரும் அசையாமல் நின்றோம். அத்தானின் கையில் உரல், அக்காவின் கையில் தட்டு, என் வாயில் பாதி இடியப்பம். எங்கள் வயதுக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. வாழ்நாளில் ஒருவரும் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டால் சொல்வோம்: என்ன இனம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், பதுங்குகுழிக்குப் போக வேண்டுமா, சோற்றை முடித்துவிட்டுப் போகலாமா. மற்றப் பிள்ளைகள் பறவைகளின் குரலைப் படித்த வயதில் நாங்கள் படித்தது அது.

"செமி," என்றாள் அக்கா, தலையைச் சரித்து.

"கிழக்குப் பக்கம்," என்றேன் நான்.

அத்தான் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கூரையில், பனி விழ முதல் கூரைத் தகடு மாற்றுகிறவர்கள், ஆணித் துவக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது சரிதானே," அக்கா விடவில்லை. "ஒரு அமத்தலுக்கு ஒரு ஆணி. அடுத்தது தானா வந்து நிக்குது. சுத்தியல் எண்டால் ஒவ்வொண்டா எடுத்து வைச்சு அடிக்க வேணும். எனக்கு விளங்கீட்டுது. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. வேட்டைக்குப் போறவை செமி கொண்டு போறேல்லையோ?"

அத்தானுக்குப் பொய் வராது. அது அவருடைய பெரிய குறை.

"கொண்டு போறவைதான். வேட்டைக்கெண்டே செய்த செமியும் இருக்கு."

"அப்ப செமியும் வேட்டைத் துவக்கு. வேட்டைத் துவக்கும் செமி. பிறகு வித்தியாசம் எங்க? மரப்பிடி போட்டால் வேட்டை, கறுப்புப் பிளாஸ்ரிக் போட்டால் சண்டையோ?"

"பிடியில இல்லையப்பா. சிலது சண்டைத் துவக்கைப் பாத்துச் செய்தது. அரசாங்கமும் அதில சிலதைத் தடை செய்து, சிலதை விட்டு, திரும்பவும் இருந்து பாத்துக்கொண்டு..."

"அவையளுக்கே விளங்கேல்லை, எனக்கு விளங்கப்படுத்த வாறியள்."

அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்தாள் அக்காவின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மருமகள். காதில் மாட்டியதைக் கழற்றாமலே, "அம்மா, மான்ட பொயின்ற் ஒஃப் வியூல ரெண்டும் சேம் திங்," என்று சொல்லி, ஓர் இடியப்பத்தைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மான் என்ற சொல்லில் அக்கா நின்றாள். அவள் கண் மெல்லச் சுவருக்குப் போனது. சுவரில் பலசரக்குக் கடை தந்த கலண்டர். கலண்டரில் மயிலோடு முருகன்.

"எந்தக் கிழமை போறியள்?"

சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அந்த வருடம் கந்தசஷ்டியும் மான் சீசனும் ஒரே கிழமையில் விழுந்திருந்தன. அத்தான் கலியாணத்துக்கு முதலே சஷ்டி பிடிக்கிறவர். ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடு.

"மச்சம் மாமிசம் தின்ன மாட்டன்," என்றார் அவசரமாக. "சுடக் கூடாது எண்டு விரதத்தில ஒரு இடத்திலயும் இல்லை."

"வள்ளி ஆற்ர வயித்தில பிறந்தவ?"

ஒவ்வொரு சஷ்டிக்கும் கோயிலில் இருந்து கதை கேட்கிறவர் அத்தான். தெரியாது என்று சொல்ல வழியில்லை. "மான்ர வயித்தில," என்றார்.

"அப்ப மான் முருகனுக்கு என்ன முறை?"

வெளியே கூரையில் இன்னோர் ஆணி ஏறியது.

"மாமியார்," என்றார் அத்தான், இடியப்ப உரலிடம் சொல்வதுபோல.

"முருகனுக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு முருகன்ர மாமியைச் சுடப் போறியளோ?"

"அது அங்கத்தைப் புள்ளிமான். இஞ்ச இருக்கிறது வெள்ளைவால் மான். வேற சாதி."

"அப்ப சின்னமாமி."

"கொம்பன்களைத்தான் சுடுவினம்."

"அப்ப மாமா."

நான் நடுவர் ஆசனத்தில் நெளிந்தேன். எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் இதற்கு அப்பீல் கிடையாது. சிரிப்பு வந்தது, ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் இன்னோர் இடியப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டேன். உரலை மெதுவாக மேசையில் வைத்தார். வாய்ப்பக்கம் ஒருவரையும் பார்க்காதபடி திருப்பி வைத்தார்.

"இல்லையப்பா," என்றார். "மான் எனக்கெதுக்கு? இவ்வளவு வருசத்தில அவங்கள் ஒருத்தரும் என்னை ஒண்டுக்கும் கூப்பிட்டதில்லை. அதுதான்."

அக்கா மாச் சட்டியை ஒருமுறை துடைத்தாள். துடைத்த சட்டியைத் திரும்பவும் துடைத்தாள்.

"அந்தாள் உங்களை என்னெண்டு கூப்பிட்டவர்? சுட வா எண்டோ, வா எண்டோ?"

"வா எண்டுதான்."

"அப்ப போங்கோ. துவக்கில்லாமல் போங்கோ. வேட்டைக்குப் போறவைக்கும் வயிறு இருக்கும்தானே? சமைச்சுக் குடுங்கோ. சூரன்போருக்கு முதல் வந்திட வேணும்."

கையெழுத்து வைக்காமலே வழி விட்டாள். மறுகிழமை அத்தானின் கார் வடக்கே போனபோது, பின் இருக்கையில் பருப்பு, அரிசி மா, செத்தல் மிளகாய், கருவேப்பிலை, எல்லாவற்றுக்கும் நடுவில் சீற் பெல்ற் போட்டபடி இடியப்ப உரல்.

அங்கே நடந்ததை அத்தான் திரும்பி வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் சொல்வதில்லை. ஆகவே எனக்கு மனப்பாடம்.

பெரியவரிடம் தகப்பன் வைத்திருந்த மரப்பிடித் துவக்கு. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டியது. மருமகனிடம் புது செமி. மரவீட்டு அடுப்படியில் ஏறிய உடனேயே இருவரும் தொடங்கிவிட்டார்களாம். முதல் சூடு என்னுடையது, தப்பினால் மிச்சம் மானுடையது, அதுதான் வேட்டை என்றார் மாமனார். காயத்தோடு ஓடவிட்டு வேதனைப்படுத்துவதைவிட உடனே இரண்டாவது சூடு வைப்பதுதான் இரக்கம் என்றார் மருமகன். வருடாவருடம் இதே வழக்காம், தீர்ப்பே இல்லையாம். கடைசியில் இருவரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் உரலை எடுத்தார். பெரியவரே தன் பெரிய கையால் பிழிந்தாராம். பிழிந்த இடியப்பத்தை இருவரும் சண்டையை மறந்து தின்றார்களாம். வித்தியாசம் அப்படியே மேசையில் ஆறிக் கிடந்தது.

மறுநாள் விடிய அவர்கள் ஆளுக்கொரு மரத்தில் ஏறிப் பரணில் இருந்தார்கள். காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்கள் இறங்கி வரும்போது சூடாக ஏதாவது இருக்கட்டும் என்று அத்தான் மரவீட்டுக்கு வெளியே காஸ் அடுப்பை மூட்டினார். எண்ணெய் கொதித்தது. கடுகு வெடித்தது. ஒரு பிடி செத்தல் மிளகாயைப் போட்டார். காற்று என்று ஒன்று உண்டு, வேட்டைக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. காற்று காட்டுக்குள் போனது.

முதல் தும்மல் பெரியவரின் மரத்திலிருந்து வந்தது. ஒன்று. நீண்ட இடைவெளி, மூக்கைத் துடைத்து, மூச்சை இழுத்து, ஏற்றி, இன்னொன்று. அடுத்த மரத்தில் மருமகனுக்கு அந்த வேலையே இருக்கவில்லை. ஒரு தும்மல் அடுத்ததைத் தானே ஏற்றி வைத்தது.

"தம்பி," என்றார் அத்தான் என்னிடம், "அண்டைக்குத்தான் எனக்கே வித்தியாசம் வடிவா விளங்கினது."

அந்த நேரம் காட்டோரத்து வெளியில் ஒரு பெண்மான் வந்து நின்றதாம். துவக்குகள் இரண்டும் மரத்தில் தும்மிக்கொண்டிருக்க, அது அத்தானை ஆறுதலாகப் பார்த்ததாம். அகப்பையோடு கையைக் கூப்பிவிட்டேன் என்றார். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு அது போய்விட்டது. அந்தக் கிழமை அந்தக் காட்டில் வேறு மானே இல்லை.

வெறுங்கையோடு திரும்பினார்கள்.  சூரன்போரன்று கோயிலில் சூரன் தலையை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருக்க, அத்தான் என் காதுக்குள் சொன்னார்: "இனிக் கூப்பிட மாட்டாங்கள்."

மறுநாள் வேலையில், மதியம், அவர் சோற்றுப் பெட்டியோடு காருக்குப் புறப்பட்டபோது, பெரியவர் வழியில் நின்று ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை நீட்டினார். வேட்டைக்குப் போகும்போது அக்கா சம்பல் போட்டுக் கொடுத்துவிட்ட பெட்டி. எங்கள் சனத்தில் ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். சீனியாவது போட்டுக் கொடுப்போம். அதை அந்த மனிதருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. வெறுமையோ என்று பார்ப்பதற்காக அத்தான் மூடியைத் திறந்தார். உள்ளே நான்காக மடித்து, கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வேட்டைத் தொப்பி.

"அடுத்த வருசமும் வா எண்டு சொன்னவர்," என்றார் அத்தான் அன்று பின்னேரம், தொப்பியைக் கழற்றாமலே, வக்கியூம் பிடித்துக்கொண்டு. "ஆனா மிளகாயைப் பொழுதுபட்ட பிறகுதான் பொரிக்க வேணுமாம்."

அக்கா கலண்டருக்குக் கிட்டப் போனாள். அடுத்த வருடம் சஷ்டி எப்போது வருகிறது என்று என்னை ஃபோனில் பார்க்கச் சொன்னாள். பார்த்துச் சொன்னேன். மான் சீசனுக்கு முதலே முடிந்துவிடும்.

"பறவாயில்லை," என்றாள், முருகனைப் பார்த்து. "காலமையில பொரிக்கவெண்டு கொஞ்சம் மிளகாய் கூடக் கட்டி விடுறன்."