நான்கு மூலையும் மஞ்சள் பூசிய ஆட்டக்காரன்

ஈழ அகதிகளின் குடும்பங்கள் வந்துசேர முடியாதபடி விண்ணப்பங்கள் முடக்கிவைக்கப்பட்டு, தமிழர் வழக்கு என்று டென்மார்க்கில் இன்றும் பேசப்படும் அவ்வாண்டுகளைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. ஆயின் ஓர் அட்டைத் தொகுப்பில் வெறுமையாய்க் கிடந்த ஓரிடத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதனைக் கண்டவருள் எஞ்சியிருப்போர் சிலரே. ஆகவே இக்குறிப்பு.

சென்ற ஞாயிறு ஒடென்சே நகரின் பழம்பொருட் சந்தையில் ஓர் இளைஞன் பழைய பேஸ்பால் அட்டைகளைப் பரப்பியிருந்தான். நான் கைநீட்டியதும், மூலையைத் தொடவேண்டாமென்று பதறினான். அட்டையின் மதிப்பே மூலைகளில்தான் உள்ளதாம். அக்கணம் என் நாசியில் மஞ்சள் மணத்தது.

அந்நாளில் நானும் தில்லைநாதனும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் யென்ஸ், ஓய்வுபெற்ற கப்பலோட்டி. இளமையில் அமெரிக்கத் துறைமுகங்களில் சூயிங்கம் வாங்கி, ஒவ்வொரு பொதியிலும் கிடைத்த ஆட்டக்காரர் அட்டையைச் சேர்த்தவர். சிகரெட் பெட்டி நசுங்காதிருக்கச் செருகிய தடித்தாளே இவற்றின் மூதாதை என்பார். தொகுப்பைத் திறந்தால் பழஞ்சர்க்கரையின் மணம் எழும். நானோ தூயதமிழ்ப் பித்தன். அவ்விளையாட்டுக்கு 'அடிபந்தாட்டம்' என்று பெயரிட்டேன்.

"அண்ணை, ஆட்டத்தை விடுங்கோ, பேரைச் சொல்லவே மூச்சு வாங்குது" என்றார் தில்லைநாதன்.

அவருடைய மனைவியும் எட்டு வயது மகள் வாணியும் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். குடும்பத்தை அழைக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. விண்ணப்பந்தான் மேசையைவிட்டு அசையவில்லை. ஒருநாள் யென்ஸ் தொகுப்பிலிருந்து ஓர் அட்டையை உருவி, மகளுக்கு அனுப்பும்படி கொடுத்தார். அன்பளிப்பன்று, இரவல். அவள் இங்கு வந்து தன் கையாலேயே திருப்பித் தரவேண்டும். அதுவரை அவ்விடத்தில் வேறோர் அட்டை ஏறாது.

தில்லைநாதன் அன்றே அதை அஞ்சலிட்டார். மாலையில் தொகுப்பைப் புரட்டியவர் வெளிறிப்போனார்.

"அண்ணை, பின்பக்கம் பாத்தனீங்களோ? முழுக்க நம்பர். ஆமிக்காரன் சென்றியில பிள்ளையை மறிச்சால் என்னெண்டு சொல்லும்?"

"ஆட்டக்காரன்ர விளையாட்டுக் கணக்கெண்டு சொல்லட்டும்."

"தொப்பி போட்ட ஆள், கையில தடி, பின்னால வரிசை வரிசையா நம்பர். அவங்கள் நம்புவாங்களே? இயக்கத்தின்ர சங்கேதமெண்டெல்லோ பிடிப்பாங்கள்."

தில்லைநாதன் எழுதுகோலை எடுத்தார். அட்டையை எரித்துவிடும்படி எழுத எண்ணினார். படையினர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லே வினையாகுமென்று அஞ்சினார். இறுதியில், "பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, அது விளையாட்டுக் கணக்கு" என்று மட்டும் எழுதினார்.

அதன்பின் ஊரிலிருந்து மடல்கள் நின்றுபோயின. கதவிலுள்ள அஞ்சல் துளை ஓசையிடும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார், எடுக்கப் போகமாட்டார். நான் போய் எடுப்பேன். அங்காடி விளம்பரத் தாள்கள். வானொலி யாழ்ப்பாணத்தின் பெயரைச் சொன்னால் அணைத்துவிடுவார். சற்றுப் பொறுத்து மீண்டும் போடுவார். படிக்கட்டில் எதிர்ப்படும் யென்ஸ் தலையை மட்டும் அசைப்பார். அவ்வசைவையும் தில்லைநாதன் அஞ்சத் தொடங்கினார்.

ஒருவழியாக அனுமதி வந்தது; தாயும் மகளும் வந்தனர். வரவேற்பதற்கென்றே யென்ஸ் தம் பழைய கப்பற் சீருடையின் பித்தளைப் பொத்தான் வைத்த கருநீலச் சட்டையும் சின்னம் பொறித்த தொப்பியும் அணிந்து படியில் நின்றார்.

வாணி கண்டாள், உறைந்தாள். தாயின் கையை விட்டுவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து, எண்கள் தெரியுமாறு இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"விளையாட்டுக் கணக்கு, சேர். அப்பா டென்மார்க். வேற ஒண்டுமில்லை, சேர்."

"எல்லாச் சென்றியிலயும் இதைத்தான் சொன்னவள்" என்றார் தாய், மெல்ல.

யென்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் தொப்பியைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டு, சிறுத்துப்போனவராய்ப் படியில் அமர்ந்தார். வாணி நெடுநேரம் தயங்கிப் பின் அட்டையை நீட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள்.

"பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு நான்தான் பூசினனான்" என்று தாய் ஒடுங்கினார்.

தில்லைநாதன் மொழிபெயர்த்தார். யென்ஸ் முகர்ந்து பார்த்தார். சூயிங்கம் மணம் போய்விட்டது என்றார். பிறகு காத்திருந்த இடத்தில் அதைச் செருகினார்.

யென்ஸ் இன்றில்லை, தில்லைநாதனும் இல்லை. தொகுப்பு வீட்டுப் பொருள்களோடு எங்கோ விலைபோயிற்று. இஷொய் நகரில் தாதியாக இருக்கும் வாணி, தொடருந்தில் சீருடையணிந்த பரிசோதகர் வந்தால் பயணச்சீட்டை எடுக்குமுன் ஒருகணம் நெஞ்சைத் தொடுகிறாள். கேட்டால் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

அவ்வாட்டக்காரன் இடக்கையனா வலக்கையனா, முகம் எத்தகையது என்பது எனக்கு நினைவில்லை. அச்சத்தால் நாங்கள் பின்பக்கத்தையே எண்ணிக்கொண்டிருந்தோம். மூலைகள் மஞ்சளித்த அட்டையொன்று எவர் கைக்கேனும் எட்டுமாயின், அன்பர்கள் முன்பக்கத்தைப் பார்த்து எனக்கு எழுதுக. இக்குறிப்பில் பிறழ்ந்தவற்றையும் திருத்தியுதவுக.