பின்பக்கத்துப் பட்டாளம்

தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கம் அரசாங்க ஜீப்புகள் அடிக்கடி வந்துபோயின. ஒரகடத்தைச் சுற்றி அப்போது கம்பெனிகளை விட வயல்தான் அதிகம். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் செய்தித்துறை வண்டி ஒன்று வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிச் சண்டைப் படம் காட்டியது. சர்க்கார் எடுத்த படம், காசில்லாமல் பார்க்கலாம், சும்மா இருப்போமா? எதிரி என்று ஒருத்தனைக் காட்டியதுமே, அவன் எந்த நாட்டுக்காரன் என்றுகூடக் கேட்காமல் ஊரே மண்ணை வாரித் தூற்றியது.

நாமெல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் என்று ஒரு கம்பீரக் குரல் நிமிஷத்துக்கொரு தரம் முழங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தாய் பிள்ளைகளில் காலனிக்காரர்கள் மட்டும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் படம் நன்றாகவே தெரியும். என்ன, வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும், அவ்வளவுதான்.

என் பெஞ்சுத் தோழி செல்வி காலனிப் பெண். மறுநாள் பள்ளி நாடகத்தில் நான் பாரத மாதா, அவள் குண்டடிபட்ட சிப்பாய். பயமில்லாமல் தடாலென்று விழுவாள் என்பதால் கிடைத்த வேஷம். பெரியவளானால் பட்டாளத்தில்தான் சேருவேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் விழுந்த வேகத்தில் கூட்டம் 'ஐயோ' என்றது. தட்டுத்தடுமாறி எழுந்தாள், கொடிக்கு விறைப்பாகச் சல்யூட் வைத்தாள். இடது கையால்.

வாத்தியார் மேடையில் பாய்ந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓர் அறை விட்டார். "கொடிக்குப் பீச்சாங்கையா? நாட்டையே அவமானம் பண்ணிட்டியே!"

"நெசமான சிப்பாயிங்க படத்துல இப்டித்தான் சார் வச்சாங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்தியேடி, சொல்லேன்!"

"இல்லடி, சோத்துக்கைலதான் வச்சாங்க."

"பொய்யி சொல்றடி நீ!"

அறைக்கு அழாதவள் அதற்கு அழுதாள். எனக்கோ, கண்ணால் பார்த்ததைச் சொன்னால் இவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று எரிச்சல்.

ஊரார் கேட்டுக்கொண்டதால் அன்று சாயங்காலமும் அதே படம் போட்டார்கள். வரமாட்டேன் என்றவளைப் பிடித்து இழுத்துவந்து முன்பக்கம் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சிப்பாய் எழுந்தான், சல்யூட் வைத்தான். செல்வி வாயைப் பிளந்தாள்.

"அய்யய்யோ, ஆமாண்டி! சோத்துக்கைதாண்டி!" தன் வலது கையை நெற்றியில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். மறைமலை நகரில் கம்பெனி வேலை. கேண்டீனில் எல்லாரோடும் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர். அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துகினு கீற? எழுந்து பின்னாண்ட போ."

அவள் என்னைப் பார்க்காமலே துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என் பெஞ்சில் அவள் உட்காரவே இல்லை. நான் அவளை இழுத்து வந்திருக்க வேண்டாம்.

அன்று அவள் போனதும் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். திரையில் சல்யூட் வைத்த கையோடு செத்துப்போன அந்தச் சிப்பாய்க்காக, கன்னமெல்லாம் நனைய, நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். இத்தனை இளகின மனசுக்காரருக்கு, நாடகத்தில் செல்விதான் சிப்பாய் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, சொல்லியிருந்தால் உட்கார விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.