சாணைக்கல்லுக்கு ஒரு திறப்பு விழா

ராகலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் ஃபேக்டரிப் பட்டறையில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்தவன் நான். எத்தனையோ மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் சாணைக்கல்லுக்குத் திறப்பு விழா நடந்தது ஒரே ஒரு முறைதான்.

கல்லை வாங்கியவர் புதிதாக வந்த துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர். கறுப்பு சிலிக்கன் கார்பைட் கல். தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்திகளை நான் அதுவரை தீட்டிவந்தது பழுப்பு நிற அலுமினியம் ஆக்ஸைட் கல்லில். அந்த நிறமே துரைக்குப் பிடிக்கவில்லை.

"செல்வம், இது கிட்டத்தட்ட வைரம் மாதிரி. இனிமே எல்லாக் கத்தியும் இதுலதான்" என்றார்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. முதல் வரி கல்லின் கடினத்தைப் புகழ்ந்தது. துரை அதோடு நிறுத்திக்கொண்டார். நான் கடைசிவரை படித்தேன். கடைசி வரியில், வார்ப்பிரும்பு, பித்தளை, கண்ணாடி, கருங்கல் ஆகியவற்றுக்கு நல்லது, எஃகுக்கு வேண்டாம் என்றிருந்தது. இந்தக் கல்லின் மணிகள் கூர்மையானவைதான், ஆனால் எஃகில் பட்டால் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கல் வெட்டாது, உரசிச் சூடேற்றும். கத்தி நீலம் பூத்துப் பதம் போய்விடும்.

சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் துரையின் பெயர் பொறித்த சின்னக் கருங்கல் பலகையைச் சுவரில் பதித்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வெட்டி, கல்லுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாட்ஸ்அப் குரூப்புக்குப் படமும் எடுத்தார்கள். படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

பெரட்டு

ஒரு வாரத்தில் கத்திகள் நீலமாகின. செடிகள் வெட்டுப்படாமல் பிளந்து நின்றன. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் கூடியிருக்க, தேயிலை மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கருப்பையாவைக் கூப்பிட்டார். கவ்வாத்தில் அவனை மிஞ்ச எங்களிடம் ஆளில்லை.

"ஒனக்குக் கை தளந்துருச்சு. நாளையிலருந்து கவ்வாத்து வேணாம், புல்லு வெட்டப் போ."

"கை தளரலீங்க. ரெண்டு செடி வெட்டுறதுக்குள்ள கத்தி மழுங்கிருதுங்க."

துரை குறுக்கிட்டார். "கல்லு அவ்வளவு கடினம், கத்தி எப்படி மழுங்கும்? ஆளுதான் மழுங்கிட்டாரு."

சிலர் சிரித்தார்கள். கருப்பையா தலை நிமிரவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"தொர, கடைசி வரியயும் படிங்க. கருப்பையா மேல தப்பில்லீங்க. அன்னைக்கே சொல்லாம இருந்தது என் தப்பு."

துரை படித்தார். பிறகு, ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். கருப்பையா கவ்வாத்துக்குத் திரும்பினான். அதைத் துரையின் பெரிய மனசு என்றார் கண்டாக்கு. பழுப்புக் கல் மெஷினில் ஏறியது, கறுப்புக் கல் அலமாரிக்குப் போனது.

பலகை

துரை மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, "சாணைக்கல்லுக்கா கல்வெட்டு? பேரை எடுத்துருங்க" என்றார்.

எழுத்தின் மேல் உளி வைத்தால் பலகை உடையும். காகிதத்தின் கடைசி வரியில் கருங்கல்லுக்கு நல்லது என்றிருந்தது ஞாபகம் வந்தது. பலகையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கறுப்புக் கல்லை மெஷினில் மாட்டினேன். பலகையின் மறுமுனையைப் பிடிக்கக் கருப்பையா தானாகவே வந்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக மாவாகிக் கொட்டின.

பட்டறைக்கு வரும் பிள்ளைகளே, பெட்டியில் வரும் காகிதத்தைக் கடைசிவரை படியுங்கள். படித்ததை அன்றைக்கே சொல்லுங்கள்.

வழவழவென்று ஆன பலகையைக் கருப்பையா தடவிப் பார்த்தான்.

"நல்ல கல்லுதாண்ணே. மொத நாளே இந்த வேலயக் குடுத்துருக்கலாம்."