வியாழக்கிழமையும் ஓடிய கடிகாரம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழையின்போது, ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நடந்தது இது. நாங்கள் இருப்பது மலைக்குக் கீழே, திருப்பத்தூரில். என் கணவருக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலை. எங்களுக்கு ஒரே பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து போவார்கள். அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஏழெட்டு வருடம் சேர்த்து வைத்து, ஒரு நாள் சென்னைக்குப் போய் சுவிஸ் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். விலையைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும் என்று நான் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தேன். மனுஷன் அந்த அறையைத் தூக்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாங்க இது, செல்போன்ல இல்லாத மணியா இதுல காட்டப் போவுது?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "இதுக்கு பேட்டரியே கெடையாது, தெரியுமா? நம்ம கை ஆட்ற ஆட்டத்துலயே ஓடும். கழட்டி வெச்சிட்டா ஒன்றரை நாளு தாங்கும், அப்பறம் நின்னுடும்" என்றார். குழந்தை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அடுத்த வருடம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். எழுந்து உட்கார்ந்த அன்று எடுத்துப் பார்த்தால் நின்று போயிருந்தது. அதிலும் அவருக்குப் பெருமைதான். "பாத்தியா, நான் படுத்தா அதுவும் படுத்துக்குது" என்று எல்லோரிடமும் காட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பணம் தகுமா தகாதா என்று எங்களுக்குள் நடந்த வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி அது தினமும் ஓரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போவது அவர் வழக்கம். புதூர்நாடு தாண்டி எங்காவது போய், டீ குடித்து, யாரிடமாவது பேசி, சாமை அரிசியோ தேனோ வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. போக வேண்டாம் என்றேன். தூறல்தானே என்றார். சாயங்காலம் வரவில்லை. மேலே பல இடங்களில் டவர் இருக்காது, மழைக்கு எங்காவது தங்கியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கொழுந்தனார் தேடிக்கொண்டு போனார். மதியம் போன் வந்தது. ஒரு தரைப்பாலத்துக்குக் கீழே, பாறை இடுக்கில், பைக் சிக்கிக்கொண்டு கிடந்ததாம். ஆளைக் காணோம். மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, புதூர்நாடு வரை பஸ்ஸிலும் அதற்கு மேல் ஷேர் ஜீப்பிலும் நான் மேலே போய்ச் சேர்ந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஊரில் ஒரு அம்மா தன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார். நான் யார், என்ன சாதி, எத்தனை நாள் இருப்பேன், எதுவும் கேட்கவில்லை. பாய் விரித்து, ஒரு கம்பளியைக் கொடுத்து, "படுங்கம்மா" என்றார்.

தீயணைப்புக்காரர்கள், வனத்துறை ஆட்கள், மலை ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் ஓடை நெடுகத் தேடினார்கள். திங்கள், செவ்வாய், புதன். வெள்ளம் வடிந்துகொண்டே வந்தது. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கீழே தள்ளி ஒரு பெரிய மடு இருக்கிறது, வியாழக்கிழமை அதில் இறங்கிப் பார்க்கலாம் என்று புதன்கிழமை பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மடுவில் எதைத் தேடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை காலையில் வனக்காவலர் ஒருவர் வந்து, பிளாஸ்டிக் கவரில் எதையோ என்னிடம் நீட்டினார். "உங்க வூட்டுக்காரருதுங்களா பாருங்கம்மா. அக்கரை மேட்டுல ஒரு மரத்து வேருல மாட்டினு இருந்துச்சாம். அந்த ஊர்க்கவுண்டரு குடுத்துவுட்டாரு" என்றார்.

அவருடைய கடிகாரம்தான். கொக்கி மட்டும் திறந்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விநாடி முள் குதித்துக் குதித்துப் போகாது, வழுக்கிக்கொண்டே போகும். அப்படி வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

நான் கத்திய கத்தல் அந்த ஊருக்கே கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தில் போனவருடைய கடிகாரம் செவ்வாய்க்கிழமையே நின்றிருக்க வேண்டும். வியாழக்கிழமை ஓடுகிறது என்றால், முந்தாநாள் ராத்திரி வரையாவது அவர் கை அசைந்திருக்கிறது. அக்கரையில் கிடந்தது என்றால் கரையேறிவிட்டார். அடிபட்டுக் காட்டுக்குள் எங்கோ வழி தெரியாமல் கிடக்கிறார். இதை நான் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கடிகாரத்தைப் பிடித்துக் காட்டிச் சொன்னேன். கொழுந்தனாருக்கும் அந்தக் காய்ச்சல் கதை தெரியும். "அண்ணி சொல்றது கரெக்ட் சார், அது அப்படித்தான் சார்" என்று அவரும் அதிகாரிகளிடம் மன்றாடினார். பெரியவர் ஒருவர் மட்டும், அன்றைக்கு வெள்ளம் அந்த மேடு வரைக்கும் ஏறியது என்று இழுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து அடக்கிவிட்டார். அந்தக் கடிகாரம் கிடைத்தது என்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலையில்தான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மடுவில் இறங்க வந்தவர்கள் காட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

ஊருக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அதில் ஏறி மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா உயிரோட இருக்காருடி, வாட்ச் ஓடுதுடி" என்றேன். அவள் அந்தப் பக்கம் கத்தினாள். நான்கு நாளாக அழாத பெண் அப்போதுதான் அழுதாள். என் அம்மா போனை வாங்கி, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றும் மறுநாளும் அந்த மலை ஊர்க்காரர்கள் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அப்போது அங்கே சாமை அறுவடை நேரம். அறுத்த கதிர் நிலத்தில் அப்படியே கிடந்தது. நடுவில் நல்ல வெயில் அடித்தது. அந்த வெயிலில் காயவைத்து அடித்திருந்தால் வருடத்துச் சாப்பாடு வீடு வந்து சேர்ந்திருக்கும். ஆனால் ஆண்கள் அத்தனை பேரும் என் பேச்சை நம்பிக் காட்டுக்குள் இருந்தார்கள். எனக்கு இடம் கொடுத்த அம்மாவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "சாமை எங்கம்மா போவுது? மொதல்ல ஆளு வரட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

அந்த இரண்டு நாளும் கடிகாரத்தை நான் கையில் கட்டிக்கொண்டிருந்தேன். பெரிதாக இருந்ததால் முழங்கை வரை ஏற்றி விட்டிருந்தேன். அவர் திரும்பி வந்ததும், "இந்தாங்க, நீங்க ஜெயிச்சிட்டீங்க, காசு தகும்" என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம், தேடப் போன ஒரு கூட்டம் நனைந்துகொண்டு திரும்பி வந்தது. அதில் அக்கரை ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டரும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். அவர்தான் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியவர் என்று சொன்னார்கள். நான் எழுந்துபோய்க் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"நான் இன்னாங்கம்மா பண்ணேன்? எங்க ஊருல கீழ கெடந்து எடுத்த பொருள வூட்டுக்குள்ள வெக்கக் கூடாதுங்க. வெச்சா திருட்டுங்க. ஊர்க்கவுண்டன் கையில குடுத்துடுவாங்க. நானு எல்லார் கண்ணுக்கும் தெரியறாப்புல ஒடம்புல போட்டுனு இருக்கணும், பொருளுக்காரங்க வர்ற வரைக்கும். அதான் கையிலயே கட்டினு இருந்தேன். மாடு புடிக்கச் சொல்லோ கூட கழட்டல" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்று மனசு அடம் பிடித்தது என்று நினைக்கிறேன்.

"எப்பலேர்ந்துங்க கட்டினு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழமை காலையிலேர்ந்துங்க. பசங்க எடுத்தாந்து குடுத்தாங்க. யாருதுன்னு தெரியலீங்க, பாலத்து மேல தண்ணி போனதுல இந்தப் பக்கத்து சேதியும் எங்களுக்கு வரல. வியாழக்கெழமை ஃபாரஸ்ட் கார்டு வந்து, இந்த மாதிரி ஆள தேட்றாங்கன்னு சொன்னப்பறம்தான் கழட்டிக் குடுத்தேன்" என்றார். அப்புறம், நல்ல செய்தி சொல்வது போல முகம் மலர்ந்து, "நல்லா ஓடினே இருந்துச்சிங்க, நிக்கவே இல்ல" என்றார்.

அந்த இடத்தில் எனக்குள் எல்லாம் முடிந்துபோனது. நான்கு நாளாக அசைந்தது இந்த மனிதரின் கை. மாடு பிடித்த கை, கதிர் அறுத்த கை. என் கணவருடையது இல்லை. இவ்வளவு நேர்மையான மனிதர் அந்த மலையில் இல்லாமல் போயிருக்கக் கூடாதா, திருடிப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மறுபடி கும்பிட்டுவிட்டு, கொழுந்தனாரைத் தனியே கூப்பிட்டு, "மடுவுல பாக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தீயணைப்புக்காரர்களைத் தேடிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடுவில் கிடைத்தார். வெள்ளத்தில் விழுந்த அன்றைக்கே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் காட்டுக்குள் அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்திருக்கிறார்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வழியில் சாமை நிலங்களைப் பார்த்தேன். அறுத்துப் போட்ட கதிர்கள் மழையில் நனைந்து முளைவிட்டிருந்தன. அதன் ஓரத்திலேயே அந்த ஊர் ஜனங்கள் வரிசையாக நின்று எங்களை வழியனுப்பினார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. அன்றைக்கு அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

வீட்டில் என் மகள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாட்ச் ஓடுதுன்னு சொன்னியேம்மா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும், பரீட்சை ரிசல்ட்டாக இருந்தாலும் சரி, ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள்.

போன வருடம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த கடியாரம் ஓடுதுங்களாம்மா? என் கையில இருந்த வரைக்கும் ஒரு கீறல் உழாம பாத்துக்கினேங்க."

அது பீரோவுக்குள் நின்றுபோய்க் கிடக்கிறது. நான் தொடுவதே இல்லை.

"நல்லா ஓடுதுங்க" என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடிகாரத்துக்கு அத்தனை பணம் தகுமா என்று யாராவது பேசினால் இப்போது நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன். அடுத்தவர் கை அசைவை என் கணவரின் உயிர் என்று நம்பி நான் வாழ்ந்த அந்த இரண்டு நாள் எனக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை, ஆனால் அதைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்கவும் எனக்கு மனம் வராது.