தேங்காய்ச் சொட்டு

குசினியிலிருந்து கொழுக்கட்டை அவியும் மணம் வந்ததும் என் கை தன்பாட்டில் மகளின் வாயருகே போனது. அவளுக்குப் பதினொரு மாதம். முதல் பல் முளைத்ததற்காக இன்று அவள் தலையில் பல்லுக்கொழுக்கட்டை சொரியப்போகிறோம்.

இதே நாரந்தனை வீட்டில் தம்பிக்குச் சொரிந்தபோது எனக்கு ஆறு வயது. அவன் தலைக்குமேல் விரித்த வெள்ளைத் துணியிலிருந்து கொழுக்கட்டைகள் உருண்டு விழுந்தன. அவற்றில் பல் மாதிரிச் சின்னதாக நறுக்கிக் குத்தியிருந்த தேங்காய்ச் சொட்டொன்றைக் கழற்றி, புதுப் பல்லால் கடிக்கட்டும் என்று அவன் வாயில் வைத்தேன். யாரும் காணவில்லை. அவன் புத்தகத்தை எடுப்பானா, சங்கிலியை எடுப்பானா என்று எல்லோரும் அவன் முன்னால் பொருள்கள் பரப்பி வைத்திருந்த தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எதையும் எடுக்கவில்லை. அழவுமில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"ஐயோ, பிள்ளைக்கு மூச்சு வரேல்லை!" அம்மா கத்தினார்.

அப்பா அவனைக் கையில் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்தார். நாலாவது அடியில் சொட்டு தெறித்து விழுந்தது.

"கீழ கிடந்ததைப் பொறுக்கி வாயில வைச்சிட்டான்," என்றார் அப்பா. நான் வாய் திறக்கவில்லை.

"அக்கா, மருமகள் கடிச்சுப் பாக்கட்டே?"

இப்போது பெரியவனாகிவிட்ட தம்பிதான். மகளின் உதட்டருகே அவன் விரல்களில் ஒரு தேங்காய்ச் சொட்டு.

பாய்ந்து தட்டிவிட்டேன். அவன் திகைத்துப் பார்த்தான்.

"அண்டைக்கு நீ பொறுக்கேல்லையடா," என்றேன். "நான்தான் உன்ர வாயில வைச்சனான்."